கதை ஊகமும் ஆய்வு ஊகமும்

தொடர்கதை படிக்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அடுத்த இதழ் வருமுன்னரே, அடுத்து என்ன நேரும் என்று தாமே ஒரு முடிவு கட்டிக்கொள்வார்கள். 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் வாரந்தோறும் வந்தபோது, நந்தினி யார், அவள் நோக்கம் என்ன என்று வீட்டுக்கு வீடு வாதம் நடந்ததை நம் வீட்டு மூத்தோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இன்று அந்த இடத்தைத் தொலைக்காட்சித் தொடர்கள் பிடித்துக்கொண்டன. இதழ் மாறிற்று, ஊகம் மாறவில்லை.

இந்த ஊகங்களை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவது எளிது. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் சென்ற பருவத்தில் எங்கள் விடுதியில் ஒரு தொடரைப் பற்றி நடந்த வாதம், ஆய்வுக்கூடத்தில் நான் கற்றிருக்க வேண்டிய ஒரு பாடத்தை எனக்குக் கற்பித்தது. அந்தப் பாடத்தை இங்கே எழுதுகிறேன். அறிவியல் பயிலாத நண்பர்களுக்கும் இது பயன்படும் என்பது என் நம்பிக்கை.

தொடரும் புதிரும்

‘ரிப்ளை 1988’ என்பது தென்கொரியத் தொலைக்காட்சித் தொடர். டிவிஎன் என்ற நிலையம் 2015 நவம்பர் 6 முதல் 2016 சனவரி 16 வரை, வெள்ளியும் சனியுமாக, 20 பகுதிகளில் அதை ஒளிபரப்பியது. இயக்கியவர் ஷின் வோன்-ஹோ. எழுதியவர் லீ ஊ-ஜங். பழங்காலக் கதைதான், ஆனால் அரசர்களும் அரண்மனைகளும் அதில் இல்லை. சியோல் நகரில் சாங்முன்-டாங் என்னும் பகுதியில் ஒரு சந்து. அதில் ஐந்து குடும்பங்கள். அவ்வீடுகளில் ஒன்றாக வளர்ந்த ஐந்து பிள்ளைகள். சியோலில் ஒலிம்பிக் பந்தயம் நடந்த 1988-ஆம் ஆண்டில் கதை தொடங்குகிறது. அந்தக் காலத்து உடை, பாட்டு, நிலக்கரிக் கட்டியால் சூடேறும் வீடு, மாலையில் ஒரு வீட்டுக் குழம்பை மற்றொரு வீட்டுக்கு எடுத்துச் செல்லும் பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டுகிறார்கள்.

ஐவரில் ஒருத்தி பெண், பெயர் தொக்சன். மற்ற நால்வர் ஜங்வான், சன்வூ, டேக், தோங்ரியோங் என்னும் பையன்கள். இடையிடையே இன்றைய காலத்துக் காட்சி ஒன்று வருகிறது. நடுவயதை எட்டிய தொக்சனும் அவள் கணவரும் அமர்ந்து பழைய கதையைப் பேசுகிறார்கள். கணவர் அந்தப் பையன்களில் ஒருவர் என்பது விளங்குகிறது. எவர் என்பது மட்டும் சொல்லப்படுவதில்லை. இதுதான் புதிர்.

போகப்போகப் போட்டி இருவரிடையே என்று ஆயிற்று. ஒருவன் ஜங்வான்: முரட்டுப் பேச்சும் உள்ளே கனிவும் உடையவன். மற்றவன் டேக்: சிறுவயதிலேயே பதுக் ஆட்டத்தில் பெயர் பெற்றவன், குறுக்கும் நெடுக்குமாக 19 கோடுகள் கொண்ட பலகையின்முன் சிங்கம், வீட்டில் தன் காரியத்தைத் தான் பார்த்துக்கொள்ளத் தெரியாத குழந்தை. கொரியாவில் பார்ப்போர் இரண்டு கட்சியாகப் பிரிந்தனர். ‘எப்படியும் கணவன் ரியூதான்’ என்பதைச் சுருக்கி ‘ஒநாம்ன்யூ’ என்றனர் ஒரு சாரார். ஜங்வானாக நடித்தவர் ரியூ ஜுன்-யோல். ‘எப்படியும் கணவன் டேக்தான்’ என்பதைச் சுருக்கி ‘ஒநாம்டேக்’ என்றனர் மறு சாரார். 16-ஆம் பகுதி திசம்பர் 26-இல் முடிந்து, 17-ஆம் பகுதி சனவரி 8-இல்தான் வந்தது. அந்த இடைவெளியில் வாதம் கொதித்தது.

எங்கள் அறையின் கட்சிகள்

எங்கள் விடுதியில் இந்தத் தொடரை அறிமுகப்படுத்தியவர் மணிப்பூர் நண்பர் ஒருவர். அவர் முடிவை அறிந்தவர். வாய் திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். நாங்கள் ஆறு பேர், வாரத்துக்கு இரண்டு பகுதி என்று வரையறை வைத்துக்கொண்டோம். முன்கூட்டியே முடிவைத் தேடிப் பார்ப்பவன் ஒரு மாதத்துக்கு எல்லாருக்கும் தேநீர் வாங்கித்தர வேண்டும் என்பது தண்டனை.

நான் ஜங்வான் கட்சி. சும்மா இல்லை, ஆய்வுக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் சான்றுகளை எண் இட்டு எழுதினேன். பள்ளிச் சுற்றுலாவில் குறுகிய சந்தில் இருவரும் ஒடுங்கி நின்ற காட்சி. நெரிசலான பேருந்தில் தொக்சன் மீது எவரும் இடிக்காதபடி ஜங்வான் கைகளை ஊன்றி நின்ற காட்சி. அவள் பரிசாகக் கொடுத்த இளஞ்சிவப்புச் சட்டையை அவன் போற்றி வைத்த செய்தி. இவற்றுக்கெல்லாம் மேலாக, இன்றைய காலத்துக் காட்சிகளில் வரும் கணவரின் கேலியும் வெடுக்கென்ற பேச்சும் ஜங்வானின் சாயலே. 14-ஆம் பகுதி முடிவதற்குள் என் பட்டியலில் 23 சான்றுகள் சேர்ந்துவிட்டன.

எதிர்க்கட்சியில் இருந்தவன் பொருளியல் முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவன். அவனிடம் பட்டியல் இல்லை. ஒரு நாள் என் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, “அண்ணா, எல்லாம் சரி. நீங்கள் நினைப்பது தவறு என்றால், எந்தக் காட்சி வர வேண்டும்?” என்று கேட்டான்.

நான் சிரித்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை என்பதை அப்போது நான் உணரவில்லை.

16-ஆம் பகுதியில் ஒரு காட்சி. தூக்க மாத்திரை உண்டு மயங்கிய நிலையில் டேக், தொக்சனை முத்தமிடுகிறான். மறுநாள் அது கனவு என்றே எண்ணிக்கொள்கிறான். தம்பி துள்ளினான். நானோ, “கனவுதானே! கனவில் கிடைத்தது நனவில் கிடைக்காது என்பதற்கே ஆசிரியர் இதை வைத்திருக்கிறார்” என்று சொல்லி, எதிர்ச் சான்றையும் என் சான்றாக்கி, 24 என்று எண் இட்டேன். 18-ஆம் பகுதியில் ஜங்வான் இசை நிகழ்ச்சிக்கு விரைகிறான். வழியெல்லாம் சிவப்பு விளக்கு. சென்று சேரும்போது, தன் ஆட்டத்தையே கைவிட்டு வந்த டேக் அங்கே நிற்கிறான். தடுத்தது விதியன்று, தன் தயக்கமே என்று ஜங்வான் தன்னைத்தானே நொந்துகொள்கிறான். அப்போதும் நான் விடவில்லை. இறுதியில் கணவர் டேக்தான் என்று தெளிவாயிற்று. முன்னே கண்ட முத்தமும் கனவன்று, நடந்ததே என்பதும் தெரிந்தது.

நெப்டியூனும் வல்கனும்

நான் எங்கே தவறினேன்? முதல் தவறு, பழைய வெற்றியை நம்பியது. இதே குழுவினர் முன்னர் 2012-இல் ‘ரிப்ளை 1997’ என்றும், 2013-இல் ‘ரிப்ளை 1994’ என்றும் இரண்டு தொடர்கள் படைத்தார்கள். அவற்றிலும் கணவர் யார் என்பதே புதிர். இரண்டிலும், சிறுவயது முதல் உடன் இருந்து, அன்பை முரட்டுத்தனத்தில் மறைத்தவனே கணவனாக வந்தான். ஆகவே மூன்றாவதிலும் அப்படியே என்று கொண்டேன்.

வானியல் வரலாற்றில் இதற்கு ஓர் அரிய எடுத்துக்காட்டு உண்டு. யுரேனசு கோள் கணக்கிட்ட பாதையில் செல்லாமல் சற்றே விலகிச் சென்றது. கண்ணுக்குத் தெரியாத வேறொரு கோள் அதை இழுக்கிறது என்று பிரெஞ்சு அறிஞர் லெ வெரியே கருதி, அக்கோள் இருக்கும் இடத்தையும் கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லின் வானாய்வகத்தில் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் கிடைத்தது.

பிறகு புதனின் பாதையிலும் ஒரு பிசகு தென்பட்டது. லெ வெரியே 1859-இல் அதே வழியைக் கையாண்டார்: சூரியனுக்கு அருகே மற்றொரு கோளோ, சிறுகோள் கூட்டமோ இருக்க வேண்டும். ‘வல்கன்’ என்று பெயரும் சூட்டப்பட்டது. கண்டதாகச் சிலர் சொல்லவும் செய்தார்கள். ஆனால் அப்படி ஒரு கோள் இல்லை. 1877-இல் அவர் மறைந்தார். 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கொள்கை, நூற்றாண்டுக்கு 43 விகலை என்ற அந்தப் பிசகுக்குக் காரணம் காட்டியது. புதிய கோள் தேவைப்படவில்லை. ஈர்ப்பைப் பற்றிய நம் எண்ணமே மாற வேண்டியிருந்தது.

அறிஞரும் அவரே, வழியும் அதுவே. ஒருமுறை வென்றது; மறுமுறை தோற்றது. முன்னே வென்ற ஊகம் என்பது அடுத்த ஊகத்தைத் தேடத் தூண்டலாம். அதற்குச் சான்றாக நிற்காது.

2, 4, 6

இரண்டாவது தவறு, என் கட்சிக்கு ஒத்துவருவதை மட்டும் தேடியது. பீட்டர் வேசன் என்ற உளவியலார் 1960-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதை அழகாகக் காட்டுகிறது. 2, 4, 6 என்ற மூன்று எண்கள் தரப்படும். அவை ஒரு விதிக்கு அடங்கியவை. நீங்கள் வேறு மூன்றெண்களைச் சொல்லலாம். அவை விதிக்கு அடங்குமா, அடங்காதா என்று விடை வரும். உறுதி ஏற்பட்டதும் விதியைச் சொல்ல வேண்டும்.

பெரும்பாலோர் ‘இரண்டிரண்டாக ஏறும் எண்கள்’ என்று உடனே எண்ணுவார்கள். 8, 10, 12 என்பார்கள், அடங்கும். 20, 22, 24 என்பார்கள், அடங்கும். விதியைச் சொல்வார்கள், தவறு! உண்மையான விதி, ‘ஒன்றைவிட ஒன்று பெரிதாகும் எந்த மூன்றெண்களும்’ என்பதே. 1, 2, 50 என்று ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தால் முதல் எண்ணம் உடைந்திருக்கும். சோதனையில் பங்கு கொண்ட 29 பேரில், பிழையான விடை ஒன்றும் கூறாமல் விதியைக் கண்டவர் 6 பேரே.

‘ஆம்’ என்ற விடை எத்தனைமுறை வந்தது என்பதில் பொருள் இல்லை. நம் எண்ணம் தவறாயின் ‘இல்லை’ என்று வரக்கூடிய கேள்வியைக் கேட்டோமா என்பதே பொருள். ஒரு கொள்கை எந்த நிகழ்ச்சியால் பொய்யாகும் என்று சொல்ல முடியாதாயின், அது அறிவியல் கொள்கை ஆகாது என்று கார்ல் பாப்பர் 1934-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டதும் இதைத்தான். தேர்வுக்காக அதை நான் மனப்பாடம் செய்திருந்தேன். பொருளியல் தம்பி அதை மனப்பாடம் செய்யாமலே கேட்டுவிட்டான்.

சான்று எந்தக் கேள்விக்கு?

மூன்றாவது தவறுதான் மிகப் பெரியது. என் பட்டியலை மறுபடி படித்தேன். 24 சான்றுகளும் பொய்யல்ல. ஜங்வான் தொக்சனை நேசித்தான் என்பதை அவை ஐயமின்றிக் காட்டுகின்றன. ஆனால் புதிர் அதுவா? தொக்சன் யாரை மணப்பாள் என்பதன்றோ புதிர்! அவள் உள்ளத்தைக் காட்டும் சான்று என்று தேடினால், என் பட்டியலில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

இதைக் கதை முன்பே சொல்லியும் இருக்கிறது. தோழிகள் சொன்னதைக் கேட்டுத் தொக்சன் முதலில் சன்வூவை விரும்புகிறாள். பின்னர் ஜங்வானை விரும்புகிறாள். உன்னை யார் விரும்புகிறார்கள் என்று பார்க்காதே, நீ யாரை விரும்புகிறாய் என்று பார் என்ற கருத்தைத் தோங்ரியோங் அவளிடம் சொல்கிறான். அந்த அறிவுரை எனக்கும் உரியதாக இருந்தது. சிரிப்புக் காட்சி என்று எண்ணிக் கடந்துவிட்டேன்.

சான்றின் உண்மை வேறு. அது எந்தக் கேள்விக்குச் சான்று என்பது வேறு. இதை எண்ணிக்கொண்டே படுத்தவனுக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. காரணம் தொடர் அன்று; என் ஆய்வு.

இருட்டில் ஒரு சோதனை

என் முதுகலைத் திட்டப்பணி இது: துணிச் சாயம் கலந்த நீரை ஒளியின் துணையால் தூய்மை செய்தல். டைட்டேனியம் டை ஆக்சைடைக் கரித்தூளுடன் சேர்த்து ஒரு வினையூக்கி செய்திருந்தேன். மெதிலீன் நீலம் என்னும் சாயத்தின் கரைசலில் அதை இட்டு, விளக்கொளி பாய்ச்சி, குறித்த நேரத்துக்கு ஒருமுறை சிறிது எடுத்து, 664 நானோமீட்டர் அலைநீளத்தில் நிறத்தை அளப்பேன். நிறம் அழகாகக் குறைந்தது. எட்டுமுறை செய்தேன், எட்டுமுறையும் குறைந்தது. ஒளி பட்டுச் சாயம் சிதைகிறது என்று எழுதி, வரைபடமும் தீட்டி, அடுத்த வெள்ளிக்கிழமைக் கருத்தரங்குக்கு அணியமாக இருந்தேன்.

‘நீங்கள் நினைப்பது தவறு என்றால் எந்தக் காட்சி வர வேண்டும்?’ இந்தக் கேள்வியை இதற்குக் கேட்டுப் பார்த்தேன். நிறம் குறைவது சாயம் கரைசலில் இல்லை என்பதற்குச் சான்று. சாயம் சிதைந்தது என்பதற்குச் சான்றாகுமா? கரி சாயத்தைத் தன் மேற்பரப்பில் பற்றிக்கொள்ளும் என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்தது. பற்றிக்கொண்டாலும் கரைசலில் நிறம் குறையும். ஒளியில் நான் எட்டுமுறை செய்த சோதனை, 8, 10, 12 என்று எட்டுமுறை சொன்னதற்கு ஒப்பு. விளக்கை ஏற்றுமுன் கரைசலை இருட்டில் கலக்கி, பற்றுதல் முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்பது இத்துறையில் வழக்கமான முறை. அதைச் சில நிமிடங்களில் முடித்துக்கொண்டது என் அவசரம்; வேறு எவர் குற்றமும் அன்று.

மறுநாள் காலை கண்ணாடிக் குடுவையை அலுமினியத் தாளால் சுற்றி, விளக்கில்லாமல் அதே சோதனையைச் செய்தேன். இருட்டிலும் நிறம் குறைந்தது. ஒளியில் குறைந்ததில் பெரும்பங்கு இருட்டிலேயே குறைந்துவிட்டது. தூளை வடிகட்டி எத்தனாலில் கழுவினேன். நீலம் திரும்ப வெளிவந்தது. சிதைந்துபோயிற்று என்று நான் எழுதியிருந்த சாயம், வடிதாளின் கீழே என் கண்முன் சொட்டிக்கொண்டிருந்தது.

வழிகாட்டும் பேராசிரியரிடம் சென்று சொன்னேன். அவர் சிறிது நேரம் வரைபடங்களைப் பார்த்துவிட்டு, “வெள்ளிக்கிழமை இதையே சொல்” என்றார். சொன்னேன். இருட்டின் பங்கைக் கழித்தபின் ஒளியின் பங்கு என்று மிஞ்சியது சிறிதே. ஆனால் அது உள்ளது. பழைய வரைபடத்தைக் காட்டியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கலாம். பின்னர் யாரேனும் அதை நம்பி, அதன்மேல் தம் உழைப்பைக் கட்டியிருக்கவும் கூடும்.

கதைக்கும் இயற்கைக்கும் உள்ள வேற்றுமை

இனி ஒன்று சொல்லி முடிக்கிறேன். தொடர் முடிந்தபின் கொரியாவில் தோற்ற கட்சியினரில் சிலர், எழுத்தாளர் இடையில் முடிவை மாற்றிவிட்டார் என்று குறைகூறினர். எங்கள் அறையில் நானும் அதையே சொன்னேன். கதையைப் பற்றி அப்படிச் சொல்ல இடம் உண்டு. கதைக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார். அவர் மனம் மாறலாம். நம்மைத் திசை திருப்பவே ஒரு குறிப்பை வைக்கலாம். கணவரின் வெடுக்கென்ற பேச்சு அத்தகைய குறிப்பாக இருந்திருக்கலாம். ஊகிப்பவர் ஆசிரியரோடு ஆடுகிறார். ஏமாறுவதும் அந்த ஆட்டத்தின் இன்பமே.

குடுவையில் இருந்த சாயமோ என்னோடு ஆடவில்லை. என்னை ஏமாற்ற எண்ணவும் இல்லை. இருட்டில் வைத்தபோது இருட்டுக்குரிய விடையைத் தந்தது. நான் அதுவரை கேட்கவில்லை, அவ்வளவே. ஆகவே கதையில் தோற்றவனுக்கு ஆசிரியரைக் குறைகூறும் உரிமை உண்டு; ஆய்வில் தோற்றவனுக்கு அந்த உரிமை இல்லை.

நண்பர்களே, ஊகத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஊகம் இல்லாமல் நெப்டியூன் இல்லை. ஆனால் உங்கள் குறிப்பேட்டில் ஒவ்வோர் ஊகத்தின் கீழும் மூன்று வரிகள் எழுதிவையுங்கள். இது தவறாயின் நான் காணப்போவது என்ன? அதைக் காணத்தக்க சோதனையைச் செய்தேனா? என் சான்று நான் கேட்ட கேள்விக்கு உரியதா, அருகில் இருக்கும் வேறொரு கேள்விக்கு உரியதா? அறிவியலுக்கு மட்டுமன்று; ஒரு மனிதரைப் பற்றி முடிவு கட்டுமுன்னும், ஓர் ஊராரைப் பற்றி முடிவு கட்டுமுன்னும் இம்மூன்றும் உதவும்.

கணவர் யார் என்று தேடிய மும்முரத்தில், அத்தொடரின் உயிரான பகுதிகளை நான் சரியாகப் பார்க்கவில்லை. பிறருக்குப் பிணை நின்று கடனில் வீழ்ந்து, பாதி நிலத்தடியில் உள்ள வீட்டில் மூன்று பிள்ளைகளை வளர்க்கும் தொக்சனின் தந்தை, நடுமகளின் மனக்குறையைக் கேட்டு அவளிடம் மன்னிப்புக் கோரும் காட்சி முதல் பகுதியிலேயே வருகிறது. என் பட்டியலில் அதற்கு எண் இல்லை. வரும் விடுமுறைக்குப் பின் தொடரை மீண்டும் முதலிலிருந்து பார்ப்பதாக இருக்கிறோம். இம்முறை நான் குறிப்பேடு எடுத்து வரப்போவதில்லை.